நம்ம ஊர், ஊராட்சி, வி.ஏ.ஓ., கிராம சபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் மனு எழுதி முடித்த பிறகுதான் “இதை எங்கண்ணே குடுக்கணும்?” என்று கேட்பார்கள். தப்பான மேசையில் கொடுத்த மனு அங்கேயே கிடந்து மட்கும். அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கண்மாய் ஊர்களை மனதில் வைத்து எழுதியது. வடக்கே உள்ளவர்கள் கண்மாய் என்று வரும் இடத்தில் ஏரி என்று வாசித்துக்கொள்ளுங்கள், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1. எங்க ஊரு கிராமமா, ஊராட்சியா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. நாம் ஊர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், அரசுக் கணக்கில் அதற்கு மூன்று முகவரி உண்டு. நீங்கள் குடியிருக்கும் தெருக்களும் வீடுகளும் சேர்ந்தது குக்கிராமம். அப்படிச் சில குக்கிராமங்களைச் சேர்த்து, தலைவரும் வார்டு உறுப்பினர்களும் வைத்து நடத்துவது ஊராட்சி. நிலக் கணக்குக்காகச் சர்வே எண் போட்டு எல்லை வகுத்தது வருவாய் கிராமம்.

இந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமங்கள் வரும். ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்தும் கிடக்கும். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500, வருவாய் கிராமங்கள் 16,000-க்கு மேல், குக்கிராமங்கள் சுமார் 79,000. எங்கள் மாவட்டத்தில் 2019 தேர்தலின்போது 12 ஒன்றியங்களில் 445 ஊராட்சிகள் இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் கிராமப்புறத்தில் இருந்தவர்கள் 3.72 கோடி பேர், மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல்.

2. அப்ப என் வீடு எதுல வருதுன்னு எப்படிப் பாக்குறது?

பட்டாவை எடுங்கள். அதன் தலைப்பில் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் இருக்கும். வீட்டு வரி ரசீதை எடுங்கள். அதில் ஒன்றியமும் ஊராட்சியும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நிலம் பற்றிய மனு என்றால் பட்டாவில் உள்ள பெயர், தெரு பற்றிய மனு என்றால் வரி ரசீதில் உள்ள பெயர். வட்டத்தின் பெயரும் ஒன்றியத்தின் பெயரும் பல இடங்களில் வேறு வேறாக இருக்கும், அதையும் கவனியுங்கள்.

3. வி.ஏ.ஓ. பெரியவரா, பிரசிடெண்ட் பெரியவரா?

இருவரும் ஒருவருக்கொருவர் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறை ஊழியர். அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய் மாவட்ட ஆட்சியரில் முடியும். சிட்டா, அடங்கல், புலப்படம், சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளுக்கான விசாரணை, வீட்டில் இறந்தவரைப் பற்றிய இறப்புப் பதிவு எல்லாம் அவர் பக்கம். இறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். விட்டால் அலைச்சல்.

தலைவர் ஓட்டு வாங்கி வந்தவர். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, வீட்டு வரி அவர் பக்கம். அவருக்கான அலுவலகம் ஒன்றியம், அங்கே இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ.

பழைய ஆட்கள் வி.ஏ.ஓ.வை இன்னும் கணக்குப்பிள்ளை என்கிறார்கள். கர்ணம், மணியம் பதவிகள் அப்பனுக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாக வந்தவை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்தது. இன்று அது தேர்வு எழுதி வரும் வேலை. ஆனாலும் வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளும் பழக்கம் சில பெரியவர்களிடம் போகவில்லை.

4. பஞ்சாயத்து ஆபீஸ்ல ‘கிளார்க்’னு ஒருத்தர் இருக்காரே?

அவர் ஊராட்சி செயலர். முன்பு எழுத்தர், உதவியாளர் என்று இருந்த வேலை. தீர்மானப் புத்தகம், வரி ரசீது, கணக்கு எல்லாம் அவர் கையில். தலைவர்கள் மாறுவார்கள், செயலர் இருப்பார். எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்பது ஊரில் அவருக்கும் தண்ணீர்த் தொட்டி இயக்குபவருக்கும் மட்டும்தான் தெரியும்.

5. ஓட்டுப் போடுறப்ப நாலு சீட்டு குடுக்குறாங்களே, எது யாருக்கு?

வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு. இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு. பச்சை ஒன்றியக் குழு உறுப்பினருக்கு, மஞ்சள் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. முதல் இரண்டும் கட்சி சார்பில்லாதவை, அதனால்தான் பூட்டுச் சாவி, ஆட்டோ என்று சின்னம் வருகிறது. மற்ற இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்கும்.

துணைத் தலைவருக்கு நீங்கள் நேராக ஓட்டுப் போடுவதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடுபவர் அவர்தான். ஊராட்சியில் பாதிச் சண்டை இந்த இரண்டாவது கையெழுத்தில்தான் ஆரம்பிக்கும்.

6. இப்பத் தலைவரே கிடையாதுங்கிறாங்க. யார்கிட்டப் போறது?

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றுபோய், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்தது. அப்போது வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்ததால் அவர்களுடைய கணக்கு தனி. பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தல் வரும்வரை தலைவரின் அதிகாரம் தனி அலுவலரிடம் இருக்கும். ஊராட்சிகளுக்கு அது பி.டி.ஓ.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ. உண்டு. ஒருவர் ஒன்றியத்துக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. மனுவில் ‘வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிகள்’ என்று தெளிவாக எழுதுங்கள். வெறும் பி.டி.ஓ. என்று எழுதினால் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஒரு வாரம் நடக்கும்.

7. தண்ணி, லைட்டு, ரோடு, ரேஷன் எல்லாத்துக்கும் பிரசிடெண்டைத்தானே கேக்கணும்?

எல்லாவற்றுக்கும் அவரைப் பிடித்து உலுக்குவது ஊர் வழக்கம். ஆனால் பல விஷயங்களில் அவர் கையில் ஒன்றுமே இருக்காது.

தெருவிளக்கு பல்பு ஊராட்சி, கம்பத்தில் மின்சாரமே இல்லை என்றால் மின்வாரியம். ஊர்ப் போர் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் ஊராட்சி. எங்கள் பக்கமும் ராமநாதபுரத்திலும் வரும் காவிரித் தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுத் திட்டம், 2009-ல் வந்தது. தொட்டி வரை கொண்டுவந்து விடுவது வாரியம், தொட்டியிலிருந்து உங்கள் குழாய் வரை ஊராட்சி. ஊருக்குள் தெரு ஊராட்சிச் சாலை, ஊரையும் ஊரையும் இணைப்பது பெரும்பாலும் ஒன்றியச் சாலை, பஸ் ஓடும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. ரேஷன் கடையில் சரக்கு சரியில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலர். வாத்தியார் வரவில்லை என்றால் கல்வித் துறை, பள்ளிக் கட்டடம் ஒழுகினால் ஒன்றியம்.

தலைவர் இதற்கெல்லாம் பரிந்துரைக் கடிதம் தரலாம். கடிதத்துக்குப் பலன் உண்டு, பொறுப்பு அவருடையதாகிவிடாது.

8. கண்மாய் ஊருக்குச் சொந்தம்தானே? ஏன் அவங்ககிட்டக் கேளு, இவங்ககிட்டக் கேளுங்கிறாங்க?

கேட்கிறவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஊர் அமைந்ததே கண்மாயைப் பார்த்துத்தான். மேட்டில் குடியிருப்பு, ஒரு பக்கம் கண்மாய்க் கரை, கரைக்குக் கீழே வயல், குடிதண்ணீருக்குத் தனியாக ஊருணி, ஊர் நடுவில் மந்தை என்கிற பொதுத் திடல், எல்லையில் அய்யனார். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் தை மாதம் அறுப்பு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்கிற ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. மடை திறக்க நீர்ப்பாய்ச்சி, கரை போட வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே நடத்திய காலம் ஒன்று உண்டு.

இன்று சட்டப்படி நிலம் அரசுப் புறம்போக்கு. பராமரிப்பு ஆயக்கட்டை, அதாவது பாசனப் பரப்பைப் பொறுத்துப் பிரியும். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கரும் அதற்கு மேலும் பாசனம் பெற்றால் நீர்வளத் துறை. அதைத்தான் இன்னும் பி.டபிள்யூ.டி. (பொதுப்பணித் துறை) கண்மாய் என்கிறோம். அதற்குக் குறைந்தால் ஒன்றியக் கண்மாய். ஊருணி, குட்டை ஊராட்சி பொறுப்பு. மாநிலத்தில் உள்ள 39,000-க்கும் மேற்பட்ட கண்மாய், ஏரிகளில் பெரும்பகுதி இந்தச் சின்ன வகைதான்.

ஆக்கிரமிப்பு என்றால் அளந்து காட்ட வேண்டியது வருவாய்த் துறை, அகற்ற வேண்டியது பராமரிக்கும் துறை. நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும் இருக்கிறது. மனுவில் கண்மாயின் பெயரை மட்டும் எழுதாமல் சர்வே எண்ணையும் எழுதுங்கள். வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் அதன் சர்வே எண்ணைத் தனியாகக் குறியுங்கள். கண்மாயைத் தூர்வாரிவிட்டு வரத்துக் கால்வாயை மறந்த வேலையை எங்கள் ஒன்றியத்தைச் சுற்றி வேண்டிய மட்டும் பார்க்கலாம்.

9. வண்டல் மண்ணு அள்ள யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

வயலுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் ஆனது. அதற்கு முன் மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியிருந்தது. அந்த அனுமதியைக் காட்டி வியாபாரத்துக்குச் சவடு மண் அள்ளினால் அது திருட்டு. கரையை ஒட்டித் தோண்டுவதும் கூடாது.

10. நாப்பது வருசமாக் குடியிருக்கோம். புறம்போக்குக்குப் பட்டா தருவாங்களா?

முதலில் எது என்று பாருங்கள். நத்தம் என்று கணக்கில் இருந்தால் அது குடியிருப்புக்கென்றே விட்ட இடம். குடியிருப்பவருக்கு நத்தம் பட்டா உண்டு. ‘தோராயப் பட்டா’ என்ற பழைய தாளைப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

புறம்போக்கு என்றால் ஆட்சேபணை உள்ளது, ஆட்சேபணை அற்றது என்று இரண்டு வகை. கண்மாய், ஓடை, மேய்ச்சல் தரை, மயானம், பாதை எல்லாம் முதல் வகை. நீர்நிலை என்றால் எத்தனை வருடம் இருந்தாலும் பட்டா வராது, யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் கையில் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது வகைக்கு அரசு அவ்வப்போது வரன்முறைப்படுத்தும் ஆணை போடும்.

பலர் ‘பி மெமோ’ ரசீதைப் பொக்கிஷமாக வைத்திருந்து, “இதோ கவர்மெண்டே ரசீது குடுத்திருக்கு” என்று காட்டுவார்கள். அது ஆக்கிரமித்ததற்காகக் கட்டிய தண்டத் தீர்வை. எத்தனை காலம் அங்கே இருக்கிறீர்கள் என்று காட்ட உதவும். உரிமை இருக்கிறது என்று காட்டாது.

11. வீட்டு வரி கட்டுன ரசீது இருக்கு. வீடு என்னுதுதானே?

வரி கட்டினீர்கள் என்பதற்கு மட்டும் அது சாட்சி. ஊராட்சி வீட்டைப் பார்த்து வரி போடும், நிலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லாது. 10-ஆம் கேள்வியில் சொன்ன இடங்களில் இருக்கும் வீட்டுக்குக்கூட வரி ரசீது இருக்கும். சொத்துத் தகராறில் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்ற வரிசையில்தான் பேச்சு நடக்கும். அண்ணன் தம்பி தகராறில் ஒருவர் ரகசியமாக வரியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது நடக்கிறது. மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் பதறாதீர்கள், எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.

12. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ மனைன்னு விக்கிறாங்க. வாங்கலாமா?

விவசாய நிலத்தைப் பிரித்து மனைப்பிரிவாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டவற்றுக்குத்தான். அதற்குப் பின் கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி விற்றதைப் பத்திரம் பதியவே சிக்கல் வரும். வரைபடத்தில் சாலையும் பொது இடமும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முறையான மனையில் வீடு கட்டுவது இப்போது சுலபம். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது.

13. ஜமாபந்திக்குப் போனா உடனே முடியுமா?

வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அது முடியும் தறுவாயில் கிராமக் கணக்குகளை வட்டாட்சியர் அலுவலகத்தில் வைத்துத் தணிக்கை செய்வதுதான் ஜமாபந்தி. உங்கள் கிராமத்துக்குரிய நாளில் போனால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், மேலதிகாரி மூவரும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பார்கள். சின்னத் திருத்தங்கள் அன்றே முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். சாக்கடை, தெருவிளக்கு மனுவை அங்கே கொண்டுபோகாதீர்கள் (3-ஆம் கேள்வி).

14. கிராம சபைக்குப் போனா என்ன கிடைக்கப் போவுது? கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுறாங்க.

அதனால்தான் போக வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். எம்.எல்.ஏ. வந்தால்கூட விருந்தாளிதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு முறை கூடியது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாகியிருக்கிறது. ஏழு நாள் முன்னால் அறிவிப்பு வேண்டும். குறைந்தபட்ச வருகையும் உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தனி அலுவலர் காலத்திலும் கூட்டம் நடந்தாக வேண்டும்.

போனால் மூன்று காரியம் செய்யுங்கள். படிவம் 30 என்ற வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். ‘மோட்டார் பழுது’ என்று வருகிற தொகையில் நின்று, எந்த மோட்டார், எந்தத் தெரு என்று கேளுங்கள். ஒன்றியத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பற்றாளர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், கூட்டம் ஒழுங்காக நடந்ததற்கு அவர்தான் பொறுப்பு. உங்கள் கோரிக்கையை வாயால் சொல்வதோடு விடாமல் தாளில் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் அரைப்பக்கம் வெறுமையாக இருந்தால், அங்கே குறுக்குக்கோடு போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

15. ஊர்க் கூட்டத்துல அம்பலம் முடிவு சொல்லிட்டாரு. அப்புறம் கிராம சபை எதுக்கு?

ஊர்க் கூட்டம் அம்பலம், அதாவது ஊர்ப் பெரியவர் தலைமையில் மந்தையில் கூடுவது. திருவிழா எப்போது, காப்புக் கட்டுவது யார், மீன்பிடித் திருவிழா என்றைக்கு என்பதெல்லாம் அங்கே பேசி முடிப்பது அழகான பழக்கம்தான். தலைக்கட்டு வரி என்பது அந்தச் செலவுக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று தாங்களாகப் போட்டுக்கொள்வது. சட்டப்படி அது வரி ஆகாது, நன்கொடை. கட்டாதவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அபராதம், தண்ணீர் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது என்று ஊர் விலக்கு வைக்கிற இடத்தில் அது குற்றமாகிறது. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. இதற்கு மனுவை ஒன்றியத்தில் கொடுத்துப் பயனில்லை. காவல் நிலையம், அங்கே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கூடவே ஆட்சியருக்கு ஒரு நகல்.

இன்னொரு வேறுபாடும் பெரியது. மந்தைக் கூட்டத்தில் பெண்களைப் பார்ப்பது அபூர்வம், ஊருக்கு வெளியே இருக்கும் தெருக்காரர்களைக் கூப்பிடுவதே கிடையாது. கிராம சபையில் இவர்கள் உட்காருவதை யாரும் தடுக்க முடியாது.

16. எங்க தெருவ ‘காலனி’ன்னு தனியா எழுதுறாங்க. நாங்க அந்த ஊர்க்காரங்க இல்லையா?

நீங்களும் அதே ஊராட்சியின் வாக்காளர்கள், அதே கிராம சபை. ‘ஊர்’ ஒன்று, ‘காலனி’ ஒன்று என்று பிரித்து எழுதியது பழைய சாதிக் கணக்கு. அரசுப் பதிவேடுகளிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பதிவேட்டில் மாறினாலும் பைப்லைன் மாற வேண்டுமே. தொட்டி ஊருக்குள் இருந்து, குழாயின் கடைசி முனை உங்கள் தெருவாக இருந்தால், தண்ணீர் விடும் நேரத்தைத் தெருவாரியாக எழுதி ஒட்டச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடந்தால், அடுத்தது எங்கள் தெருவில் என்றும் கேளுங்கள்.

17. ஏன் எங்க பஞ்சாயத்த ரிசர்வ் பண்ணாங்க? பொதுவா விட்டா என்ன?

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சொன்னது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி, சுழற்சி முறையில். பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, 2016-ல் அது பாதியானது.

பொதுவாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே வரலாறு கிடக்கிறது. மேலூர் அருகே மேலவளவில், தனித் தொகுதியான ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனித் தொகுதி ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருடம் தேர்தலே முறையாக நடத்த விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 கிராம சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார்.

18. தலைவர் பொம்பளைதான், ஆனா எல்லாத்தையும் வீட்டுக்காரர்தான் பாக்குறாரு. சரியா?

சரியில்லை. கணவருக்கு ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலிகூடக் கிடையாது. கூட்டம் நடத்துவது, கையெழுத்திடுவது, ஒப்புதல் தருவது எல்லாம் தேர்வானவர் மட்டுமே செய்ய வேண்டியது. அவர் பேசுவதை வைத்து எந்த வேலையும் நடந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மனுவைத் தலைவர் பெயருக்கே எழுதி ஒப்புகை வாங்குங்கள்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர்களிடம் இன்னொன்றையும் சொல்வேன். முதல் வருடம் கணவர் பின்னால் நின்ற பெண் தலைவர்கள் சிலர், மூன்றாம் வருடம் தனியாக ஒன்றியத்துக்கு வந்து, எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுப் புத்தகத்தில், அளவு ஏன் குறைகிறது என்று ஓவர்சியரை நிறுத்தி வைத்துக் கேட்டதை என் கடை வாசலிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

19. போட்டி வேணாம்னு பதவிய ஏலம் விட்டு, பணத்தக் கோயிலுக்குக் குடுத்தா என்ன தப்பு?

ஒருவர் மட்டும் மனு தாக்கல் செய்து போட்டியின்றி வருவது சட்டப்படி சரி. பணம் பேசி மற்றவர்களை விலக்குவது குற்றம். ஒவ்வொரு தேர்தலிலும் மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கிறது. தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். லட்சக்கணக்கில் ஏலம் கேட்டவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

20. கிராம சபைத் தீர்மானம் போட்டா அரசாங்கம் கேட்டே ஆகணுமா?

எந்த விஷயம் என்பதைப் பொறுத்தது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல் இவற்றில் கிராம சபையின் சொல்லுக்குச் சட்ட பலம் நேரடியாக உண்டு. மதுக்கடை, குவாரி, பெரிய திட்டம் என்றால் தீர்மானம் போட்ட மறுநாள் மூடிவிட மாட்டார்கள். முடிவெடுக்க வேண்டியவர் ஆட்சியரோ வேறு துறையோ. ஆனால் உயர் நீதிமன்றம் போகிற அன்று அந்தத் தீர்மான நகல் கையில் இருப்பது வேறு.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் 12 கிராம சபைகள் சுரங்கத்தை நிறுத்தியதே என்பார்கள். அது வன உரிமைச் சட்டப்படி உச்ச நீதிமன்றம் கேட்கச் சொன்ன கருத்து. பழங்குடிப் பகுதிகளுக்கான பெசா சட்டம் தமிழ்நாட்டில் எங்கும் பொருந்தாது, இங்கே ஐந்தாவது அட்டவணைப் பகுதி இல்லை. அதை எடுத்துக்காட்டி வாதாடினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

21. தலைவர் கணக்கே காட்ட மாட்டேங்கிறாரு. பதவிய விட்டுத் தூக்க முடியுமா?

முதலில் கணக்கை வாங்குங்கள். மத்திய நிதிக்குழு மானியத்தின் செலவு இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிவாரியாக இருக்கிறது, கைபேசியிலேயே பார்க்கலாம். மீதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ‘எல்லாக் கணக்கும் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தீர்மானப் புத்தக நகல், செலவுச் சீட்டு, அளவுப் புத்தக நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

நீக்குவது வாக்காளர்கள் கையில் இல்லை. 205-ஆவது பிரிவின்படி ஆட்சியர் நோட்டீஸ் கொடுத்து, பதிலில் திருப்தியில்லை என்றால் வட்டாட்சியர் மூலம் வார்டு உறுப்பினர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, பிறகு முடிவெடுப்பார். நீண்ட வழி. அதற்கிடையில் ஆட்சியர் காசோலை அதிகாரத்தை மட்டும் நிறுத்தி வைப்பது அதிகம் நடக்கிறது. ஆதாரம் இல்லாமல் ‘ஊழல் செய்கிறார்’ என்று மட்டும் எழுதிய மனுக்களை நானே பலமுறை திருப்பி எழுத வைத்திருக்கிறேன்.

22. எங்க ஊராட்சிய டவுனோட சேக்கப் போறாங்களாம். நல்லதா, கெட்டதா?

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், கோவிலூர், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதற்குள் போயின. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளைச் சேர்க்கும் அறிவிப்பும் வந்தது. சேர்ந்தால் கிராமப்புறத்துக்கான வேலை உறுதித் திட்டமும் வீடு கட்டும் திட்டமும் அங்கே நின்றுவிடும். சொத்து வரி நகரக் கணக்கில் வரும். கிராம சபை இருக்காது, வார்டு அளவிலான கூட்டம்தான். மறுபக்கம், குப்பை வண்டி, பாதாளச் சாக்கடை, சாலை விளக்குக்கு நிதி கூடும். மனை விலையும் ஏறும். மனை வைத்திருப்பவருக்கு நல்லது, நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு நஷ்டம் என்பதுதான் என் கணக்கு.

எதிர்ப்போ ஆதரவோ, அறிவிப்பு வந்ததும் அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும். பட்டா, பத்திரம், வருவாய் கிராமத்தின் பெயர் எதுவும் இதனால் மாறாது. 1-ஆம் கேள்வியில் சொன்ன மூன்று முகவரியில் ஊராட்சி மட்டும்தான் போகிறது. வி.ஏ.ஓ. அதே வி.ஏ.ஓ.தான். வீட்டு வரியில் பாக்கி இருந்தால் சேர்வதற்கு முன் ஊராட்சியிலேயே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். பதிவேடு கைமாறும்போது பழைய பாக்கியைச் சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகும்.